நூறு மைல் ஓடும் குதிரை!

ரேக்ளாப் பந்தயம் பார்த்திருக்கிறீர்களா?

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துக்காரர்கள் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். இரண்டு காங்கேயம் காளைகள். பின்னால் ஒரு சின்ன வண்டி. அதன் மேல் ஒரு வாலிபர். கொடி அசைந்ததும் காளைகள் பறக்கும். 200 மீட்டர், இல்லாவிட்டால் 300 மீட்டர். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்!

அது வேகத்தின் அழகு.

இன்னொரு பந்தயம் இருக்கிறது. அது கண் மூடித் திறப்பதற்குள் முடியாது. விடியும் முன்பே தொடங்கினால், பொழுது சாயும் வரை நடக்கும். ஓடுவது காளை அல்ல, குதிரை. தூரம் 300 மீட்டர் அல்ல. 160 கிலோ மீட்டர்! அதாவது, நூறு மைல்!

நூறு மைல் என்றால் எவ்வளவு தூரம்? பொள்ளாச்சியில் இருந்து கோயம்புத்தூருக்கு ஏறக்குறைய 40 கிலோ மீட்டர். கோவைக்குப் போய், பொள்ளாச்சிக்குத் திரும்பி, மறுபடியும் கோவைக்குப் போய், மறுபடியும் பொள்ளாச்சிக்குத் திரும்பினால் 160 கிலோ மீட்டர். பஸ்ஸில் போனாலே இடுப்பு வலிக்கும். அதைக் குதிரை முதுகில், ஒரே நாளில் முடிக்கிறார்கள்!

இதற்கு நெடுந்தூரக் குதிரைச் சவாரி என்று பெயர்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. முதலில் வந்து சேர்ந்தவர் ஜெயித்துவிட்டார் என்று உடனே சொல்லிவிட முடியாது. முதலில் குதிரையைக் கேட்க வேண்டும்!

குதிரை எப்படிப் பதில் சொல்லும்? சொல்லுகிறது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இரண்டு கோப்பைகள்

1955-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். வெண்டல் ராபி என்பவரும் அவருடைய நண்பர்களும் தாகோ ஏரிப் பக்கமிருந்து குதிரைகளில் புறப்பட்டார்கள். மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் கடந்து ஆபர்ன் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தூரம் நூறு மைல். 24 மணி நேரத்துக்குள் முடித்தார்கள்.

அதில் இருந்து அந்தச் சவாரி பெயர் பெற்ற போட்டியாகிவிட்டது. முதலில் வருகிறவருக்கு "டெவிஸ் கோப்பை" கொடுக்கிறார்கள்.

1964-ஆம் ஆண்டில் இருந்து இன்னொரு கோப்பையும் கொடுக்கிறார்கள். அதன் பெயர் "ஹாகின் கோப்பை". முதலில் வந்த பத்துக் குதிரைகளில் எது களைப்பில்லாமல், நல்ல உடல்நிலையோடு இருக்கிறதோ, அதற்குத்தான் அந்தக் கோப்பை.

"ஓடி முடித்த பிறகும், இன்னும் ஓடத் தயார் என்று எந்தக் குதிரை நிற்கிறது?" இதுதான் கேள்வி.

இந்தச் சவாரிக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. குதிரையைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தாலே ஜெயித்த மாதிரிதான் என்பார்கள்.

கண்ணீர் வரவழைத்த பந்தயம்

இந்த ஞானம் சும்மா வந்துவிடவில்லை. பல குதிரைகள் உயிரைக் கொடுத்த பிறகே வந்தது.

1892-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் ஒரு பந்தயம் நடந்தது. ஜெர்மனி ராணுவ அதிகாரிகள் பெர்லின் நகரத்தில் இருந்து வியன்னாவுக்கு ஓட்ட வேண்டும். ஆஸ்திரிய ராணுவ அதிகாரிகள் வியன்னாவில் இருந்து பெர்லினுக்கு ஓட்ட வேண்டும். தூரம் சுமார் 580 கிலோ மீட்டர். யார் சீக்கிரம் போய்ச் சேருகிறாரோ அவருக்குப் பரிசு.

ஸ்டார்ஹெம்பெர்க் என்ற ஆஸ்திரிய அதிகாரி மூன்று நாளுக்குள் போய்ச் சேர்ந்தார். பணமும் புகழும் கிடைத்தன.

குதிரைகளுக்கு என்ன கிடைத்தது? இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகள் செத்து விழுந்தன. முன்னணியில் வந்த குதிரைகளும் அதில் உண்டு. தூக்கம் இல்லை. ஓய்வு இல்லை. "ஓடு, ஓடு!" என்று விரட்டியதுதான் மிச்சம்.

குதிரை மானமுள்ள பிராணி. நம்பிய மனிதன் ஓடச் சொன்னால், உயிர் போகும் வரை ஓடும். "எனக்கு முடியவில்லை" என்று வாய் திறந்து சொல்லத் தெரியாது. மனிதன்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நடுவராக மருத்துவர்

இன்று உலகம் முழுவதும் இந்தப் போட்டிக்குக் கண்டிப்பான விதிகள் உண்டு. சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் 1978-ஆம் ஆண்டில் இதைத் தன் போட்டிகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

160 கிலோ மீட்டரையும் ஒரே மூச்சில் ஓட விடுவதில்லை. பல கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டம் 40 கிலோ மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கால்நடை மருத்துவர் காத்திருப்பார். அவர்தான் அங்கே நீதிபதி!

முதலில் நெஞ்சுத் துடிப்பைப் பார்ப்பார். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 30 முதல் 40 வரை துடிக்கும். பாய்ந்து ஓடும்போது 200-ஐயும் தாண்டும். ஓடி நின்ற குதிரைக்குக் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் அது 60, 64 என்ற அளவுக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்தக் குதிரைக்குப் போட்டி அத்துடன் முடிந்தது.

அடுத்து, கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்ப்பார். தோல் சட்டென்று பழைய நிலைக்குப் போனால் உடம்பில் தண்ணீர் இருக்கிறது. மடிப்பு அப்படியே நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது.

பிறகு, ஈறை விரலால் அழுத்துவார். அழுத்திய இடம் வெளுக்கும். விரலை எடுத்ததும் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும்.

வயிற்றில் காதை வைப்பது போலக் கருவியை வைத்துக் கேட்பார். குடல் "களக், களக்" என்று சத்தம் போட வேண்டும். சத்தமே இல்லையென்றால் ஆபத்து.

கடைசியில் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டச் சொல்லுவார். நொண்டுகிறதா என்று பார்ப்பார்.

குதிரை பேசுவது இப்படித்தான்! தோலாலும், ஈறாலும், குடலாலும், காலாலும் அது பதில் சொல்லுகிறது.

எல்லை தாண்டிய பிறகும் இந்தச் சோதனை உண்டு. முதலில் வந்த குதிரை நொண்டினால், முதல் பரிசு போச்சு!

பக்கத்து ஊர்ப் பெண்

"இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாசாரம்" என்று நினைக்க வேண்டாம்.

பொள்ளாச்சியில் இருந்து மேற்கே போனால் பாலக்காடு. அதையும் தாண்டிப் போனால், மலப்புறம் மாவட்டத்தில் திரூர். அந்த ஊரைச் சேர்ந்தவர் நிதா அஞ்சும். 2023-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தில் இளையோருக்கான உலக நெடுந்தூரச் சவாரிப் போட்டி நடந்தது. அதில் 120 கிலோ மீட்டரை ஏழரை மணி நேரத்துக்குள் முடித்தார். அவர் ஓட்டிய குதிரையின் பெயர் எப்சிலான் சலூ. அந்தப் போட்டியை முழுமையாக முடித்த முதல் இந்தியர் அவர்தான்.

அடுத்த ஆண்டு, 2024-ல், பெரியவர்களுக்கான போட்டியிலும் கலந்துகொண்டார். 160 கிலோ மீட்டரைப் பத்தரை மணி நேரத்துக்குள் முடித்தார்!

முடித்தார் என்றால் என்ன பொருள்? ஒவ்வொரு கட்டத்திலும் மருத்துவர் "சரி" என்று சொல்லியிருக்கிறார் என்று பொருள். சவாரி செய்தவருக்கு எவ்வளவு பெருமையோ, அவ்வளவு பெருமை குதிரைக்கும் உண்டு.

அம்பராம்பாளையத்துத் தோப்பில்

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் அம்பராம்பாளையம். ஆழியாறு ஓடுகிற ஊர். அங்கே தென்னந்தோப்பு ஒன்றில் ஒரு பெரியவரைச் சந்தித்தோம். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் வீட்டு லாயத்தில் ஒரு கத்தியவார் பெண் குதிரை நிற்கிறது. காதுகள் இரண்டும் உள்பக்கமாக வளைந்து, நுனியோடு நுனி தொடப் பார்க்கின்றன. கத்தியவார், மார்வார் குதிரைகளுக்கே உரிய அழகு அது!

குதிரைக்கு உடம்பு தேய்த்துக்கொண்டிருந்தாள், பெரியவரின் பேத்தி.

"வாங்க தம்பி, உக்காருங்க. மோர் குடிங்க" என்றார் பெரியவர்.

"பேத்திதான் சவாரி செய்கிறாரா, ஐயா?" என்று கேட்டோம்.

"ஆமாங்க. ஆனா, மொத ஒரு மாசம் நான் ஏறவே உடலீங்க. தேய்ச்சு உடு, சாணி அள்ளு, குளம்பு பாரு, தண்ணி காட்டுன்னு சொல்லிப் போட்டேன். குதிரை மொதல்ல உன்னைப் பாக்கோணும் அம்முணி, அப்புறம்தான் நீ அது மேல ஏறோணும்னேன்."

பேத்தி சிரித்தாள். "அப்பாரு சொன்னப்ப எனக்குக் கோபம் வந்துச்சுங்க. இப்ப ஏறுறதை விட, தேய்ச்சு உடுறதுதான் பிடிச்சிருக்கு" என்றாள்.

ஏன் இத்தனை கண்டிப்பு? பெரியவர் ஒரு பழைய கதையைச் சொன்னார்.

ஒரு வாளி கொள்ளு

அப்போது அவருக்கு 12 வயது. அவருடைய தகப்பனார் ஜட்கா வண்டி ஓட்டிப் பிழைத்தவர். அந்த நாளில் கொங்கு நாட்டு ஊர்களில் ரயிலடியில் இறங்கினால் ஜட்காதான். வீட்டில் இருந்த ஒரே சொத்து அந்தக் குதிரை. அதன் பெயர் சிட்டு.

ஒரு நாள் உடுமலைக்கு ஒரு சவாரி. போக 30 கிலோ மீட்டர், வர 30 கிலோ மீட்டர். இருட்டிய பிறகு வண்டி வீடு வந்தது. சிட்டு வேர்த்துக் கொட்டி நின்றது. தகப்பனார் வாடகைக் காசைக் கொடுக்க வேண்டியவரிடம் கொடுக்கப் போய்விட்டார்.

"சிட்டு பாவம், பசியோட இருக்குன்னு நெனச்சேன் தம்பி. அம்மா நாளைக்குன்னு வெச்சிருந்த கொள்ளை ஒரு வாளி நெறையக் கொண்டாந்து வெச்சுட்டேன். மளமளன்னு தின்னுச்சு. எனக்கு அத்தனை சந்தோஷம்!"

நடுராத்திரி லாயத்தில் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், சிட்டு தரையில் புரண்டுகொண்டிருந்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. உடம்பெல்லாம் குளிர்ந்த வேர்வை.

"எங்கய்யன் வாளியப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. ஒரு வார்த்தை பேசல. குதிரையப் புடிச்சு எழுப்பி, கயித்தக் கையில எடுத்துக்கிட்டு நடக்க ஆரம்பிச்சாரு. தோப்பச் சுத்திச் சுத்தி ராவெல்லாம் நடந்தாரு. நானும் அழுதுக்கிட்டே பின்னால நடந்தேன்."

கோழி கூவிய நேரத்தில் சிட்டு வால் தூக்கிச் சாணி போட்டது. தகப்பனார் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாராம்.

"அடிப்பாருன்னு பயந்தேன். அடிக்கலீங்க. 'பாசம் இருந்தாப் பத்தாதுடா, தெரிஞ்சுக்கவும் வேணும்'னு மட்டும் சொன்னாரு. இன்னிக்கு வரைக்கும் அது என் காதுல நிக்குது."

சொல்லிவிட்டுப் பெரியவர் குதிரையின் கழுத்தைத் தடவினார்.

மாடு வேறு, குதிரை வேறு!

அந்தச் சிறுவன் செய்த தவறு என்ன?

கொங்கு நாட்டில் மாடு வளர்க்காத குடும்பம் குறைவு. மாட்டைப் போலத்தான் குதிரையும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதலில் தின்று வைத்துக்கொள்ளும். பிறகு நிழலில் படுத்து அசை போடும். குதிரைக்கு இரைப்பை ஒன்றுதான். அதுவும் சிறியது. எட்டு முதல் பதினைந்து லிட்டர்தான் கொள்ளும். குதிரை அசை போடாது. எல்லாவற்றிலும் முக்கியம், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது! உள்ளே போனது பின்வழியாகத்தான் வர வேண்டும். அளவுக்கு மேல் தானியம் போனால் வயிறு உப்பும், குடல் முறுக்கும். குதிரைகளின் உயிரைக் குடிக்கும் நோய்களில் இந்த வயிற்று வலிதான் முன்னால் நிற்கிறது.

ஆகையால் குதிரைக்குத் தீனி, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை. பசும்புல்லும் உலர்ந்த புல்லும்தான் சாப்பாடு. தானியம் தொட்டுக்கொள்ளும் கறி மாதிரி! அறுகம்புல் என்றால் குதிரைக்கு உயிர். 

கொள்ளு நம் வீட்டுச் சமாசாரம். கொள்ளுப் பருப்பும், கொள்ளு ரசமும் இல்லாத கொங்கு வீடு உண்டா? குதிரைக்கும் அது நல்ல பலம்தான். ஆனால் ஊற வைத்தோ வேக வைத்தோ, அளவோடு கொடுக்க வேண்டும். ஓடி வந்த உடனே தானியம் கூடாது. மூச்சு இறங்கி, உடம்பு ஆறிய பிறகுதான்.

இன்று குதிரைக்கு வயிற்று வலி கண்டால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். சிட்டுவின் அதிர்ஷ்டம் எல்லாக் குதிரைக்கும் கிடைக்காது.

பாண்டிய நாட்டில் மாண்ட குதிரைகள்

"தெரிந்துகொள்ளவும் வேண்டும்" என்று அந்த ஜட்காக்காரர் சொன்னார் அல்லவா? தெரியாமல் போனதால் நம் நாட்டில் முன்னொரு காலத்தில் ஆயிரக் கணக்கான குதிரைகள் மாண்டிருக்கின்றன.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ என்ற வெனிஸ் நகரத்து யாத்திரிகர் பாண்டிய நாட்டுக்கு வந்தார். அரபு நாட்டுப் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் காயல் துறைமுகத்தில் வந்து இறங்குவதைப் பற்றி எழுதினார். அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார். ஆனால் ஆண்டு முடிவதற்குள் நூறு கூட மிஞ்சுவதில்லை என்றார்.

காரணம் என்ன? குதிரைகளைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்றார். வேகவைத்த அரிசிச் சோற்றோடு இறைச்சியும் சேர்த்துக் குதிரைக்குக் கொடுத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார்! குதிரைக்கு வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகள் இங்கே வர விடவில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்!

பொன்னைக் கொட்டி வாங்கினார்கள். புல்லைக் கொடுக்கத் தெரியவில்லை!

தினமும் செய்ய வேண்டியவை

அம்பராம்பாளையத்துப் பேத்தியின் ஒரு நாளைப் பார்த்தால் குதிரைப் பராமரிப்பு முழுவதும் விளங்கிவிடும்.

காலையில் முதல் வேலை, சாணியைப் பார்ப்பது. உருண்டை உருண்டையாக, பச்சை கலந்து இருந்தால் குதிரை சுகம்.

இரண்டாவது வேலை, நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்ப்பது. இடுக்கில் கல்லோ ஆணியோ இருக்கலாம். சின்னக் கல் ஒன்று நூறு மைல் குதிரையை நொண்டியாக்கிவிடும். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் மாடுகளுக்கு லாடம் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். குதிரைக்கும் அப்படித்தான். ஆனால் குளம்பு நம் நகம் போல வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும்.

மூன்றாவது, உடம்பு தேய்ப்பது. இது அழகுக்காக மட்டும் அல்ல. கை போகிற இடத்தில் வீக்கம், சூடு, புண் இருந்தால் தெரிந்துவிடும். சேணம் போடும் இடத்தில் ஒரு துளி மண் ஒட்டியிருந்தாலும் அது அரைத்துப் புண்ணாக்கும். சில குதிரைகளின் முதுகில் வெள்ளை மயிர்த் திட்டுகள் இருக்கும். அவற்றில் பல, சேணம் சரியில்லாமல் அழுத்திய இடத்தின் தழும்பு!

நான்காவது, தண்ணீர். குதிரை நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். வெயிலில் ஓடினால் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் வேர்வையாகவே போய்விடும். அந்த வேர்வையில் உப்பு மிகுதி. ஆகையால் தண்ணீரும் வேண்டும், உப்பும் வேண்டும். லாயத்தில் ஓர் உப்புக் கட்டியைத் தொங்கவிட்டால் அதுவே நக்கிக்கொள்ளும்.

ஓடி வந்த குதிரை மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சிலர் பயப்படுவார்கள். இன்றைய மருத்துவர்கள் அப்படிச் சொல்லுவதில்லை. கழுத்து, மார்பு, கால்களில் தண்ணீர் ஊற்றி, வழித்துவிட்டு, மறுபடியும் ஊற்றினால் உடம்புச் சூடு சீக்கிரம் தணியும்.

ஐந்தாவது, ஊசியும் பூச்சி மருந்தும். சின்னக் காயத்தில் இருந்தும் குதிரைக்கு ரண ஜன்னி வந்துவிடும். அதற்குத் தடுப்பூசி உண்டு. தவறாமல் போட வேண்டும்.

அவசரம் ஆகாது

நெடுந்தூரச் சவாரிக்குக் குதிரையைப் பழக்குவது ஒரு நாள் வேலை அல்ல. முதல் சில வாரங்கள் நடை மட்டும். பிறகு நடையும் நிதான ஓட்டமும். தூரத்தை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். சதையும் மூச்சும் சீக்கிரம் பலப்படும். எலும்பும் தசைநாணும் பலப்பட மாதக் கணக்கில், ஏன், ஆண்டுக் கணக்கில் ஆகும்.

சர்வதேசப் போட்டியில் 160 கிலோ மீட்டர் ஓட, குதிரைக்கு எட்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று விதி இருப்பது அதனால்தான்.

பாதையும் முக்கியம். தார் ரோட்டில் ஓட்டினால் கால் கெடும். மண் பாதை, தோப்புப் பாதை, வாய்க்கால் கரை இவைதான் நல்லவை. ஏற்றத்தில் குதிரை மூச்சு வாங்கினால் சவாரிக்காரர் இறங்கிவிடுவார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார். உலகப் போட்டியிலும் இதைக் காணலாம்.

வண்டி இழுக்கும் குதிரைக்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி, இழுவைப் பிராணிகளை ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில், பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலையே கூடாது.

அந்தியூருக்குப் போகிறவர்களுக்கு

ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோவில் திருவிழா. அங்கே கூடும் குதிரைச் சந்தை நாடறிந்தது. வெள்ளை வெளேரென்ற குதிரை, சலங்கை கட்டி ஆடும் குதிரை எல்லாம் வரும். பார்த்தவுடன் பிள்ளைகள் "வாங்கலாம் அப்பா!" என்பார்கள்.

வாங்குவதற்கு முன் யோசியுங்கள். குதிரை 25, 30 ஆண்டு வாழும் பிராணி. தினமும் ஏழெட்டுக் கிலோ உலர்ந்த தீவனம் வேண்டும். தினமும் ஓர் ஆள் வேண்டும். பண்டிகை நாளிலும், மழை நாளிலும் அதற்கு லீவு கிடையாது. ஆசை உண்டு, நேரம் இல்லை என்றால், சவாரிப் பள்ளியில் போய்க் கற்றுக்கொள்வதே நல்லது. தலைக்கவசம் இல்லாமல் மட்டும் ஏற வேண்டாம்.

இதில் என்ன ஆனந்தம்?

இத்தனை பாடுபட்டு என்ன கிடைக்கிறது?

அதைப் பேத்தியிடமே கேட்டோம்.

"விடியக் காலையில கிளம்புவோமுங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து சில்லுன்னு வரும். ஆனமலை கருப்பாத் தெரியும். அஞ்சாறு கிலோ மீட்டர் போன பொறகு இவ மூச்சும் என் மூச்சும் ஒரே தாளத்துல வர்ற மாதிரி இருக்கும். இவ காது ரெண்டும் முன்னால நிக்கும். வழியில என்ன இருந்தாலும் எனக்கு முன்னாடி இவளுக்குத் தெரிஞ்சுரும். திரும்பி வந்து சேணத்தக் கழட்டுனதும், என் தோள் மேல தலைய வெச்சுத் தேய்ப்பா. அதுக்கு மேல என்னங்க வேணும்?"

உண்மைதான். பழைய சவாரிக்காரர்களும் இதையே கண்டார்கள்.

ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ஷிபெலி என்ற பள்ளி ஆசிரியர், 1925-ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவில் போனஸ் அயர்ஸ் நகரத்தில் இருந்து வட அமெரிக்காவுக்குக் குதிரையில் புறப்பட்டார். கூட இரண்டு நாட்டுக் குதிரைகள். மான்சா ஒன்று, காட்டோ ஒன்று. இரண்டும் இளங்குதிரைகள் அல்ல. ஊரார் சிரித்தார்கள். பாலைவனம், பனிமலை, சதுப்பு நிலம் எல்லாம் கடந்தார்கள். மெக்சிகோவில் காட்டோவுக்கு அடிபட்டது. அதை இழுத்துக்கொண்டு போகாமல் சிகிச்சைக்கு அனுப்பினார். 1928-ல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். சுமார் பத்தாயிரம் மைல்!

அதற்குப் பிறகு அந்தக் குதிரைகளை அவர் விற்றுவிடவில்லை. அர்ஜென்டினாவுக்கே கொண்டுபோய், புல்வெளியில் விட்டார். காட்டோ 1944-லும், மான்சா 1947-லும் வயதாகி இறந்தன. இரண்டும் முப்பது வயதைத் தாண்டி வாழ்ந்தன.

பெர்லின் பந்தயத்தில் மூன்று நாளில் செத்த குதிரைகளை நினைத்துப் பாருங்கள். பத்தாயிரம் மைல் நடந்து, முப்பது வயது வாழ்ந்த குதிரைகளையும் நினைத்துப் பாருங்கள். தூரம் குதிரையைக் கொல்லுவதில்லை. மனிதனின் அவசரம்தான் கொல்லுகிறது.

நாங்கள் விடைபெறும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பேத்தி புல்லுக் கட்டை அவிழ்த்து, ஒரு கைப்பிடி எடுத்துக் குதிரைக்கு நீட்டினாள்.

"கொஞ்சங் கொஞ்சமாக் குடு, அம்முணி" என்றார் பெரியவர்.

எழுபது ஆண்டுக்கு முந்திய அந்த ஒரு வாளிக் கொள்ளை அவர் இன்னும் மறக்கவில்லை!